உலகக் கோப்பைக் கால்பந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், ஒளிவுமறைவு இல்லாத பதில்கள்

உலகக் கோப்பை நடக்கும் அந்த ஒரு மாதம் முழுக்க ரசிகர்கள் சில கேள்விகளை வைத்தே மல்லுக்கட்டுவார்கள். அடுத்த போட்டி வந்தாலும் அதே கேள்விகள்தான். கீழே உள்ள பதில்களில் எந்த வீரருக்கும் தனி மரியாதை கிடையாது. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், தேவைப்பட்ட நிமிடத்தில் களத்தில் என்ன செய்தார் என்பதுதான் கணக்கு. ஆண்கள் போட்டிக்கான எண்கள் 2022 வரையிலானவை, பெண்கள் போட்டிக்கானவை 2023 வரையிலானவை.

மெஸ்ஸியா, ரொனால்டோவா? இந்தச் சண்டை எப்போது முடியும்?

உலகக் கோப்பையை மட்டும் வைத்துப் பேசினால் 2022லேயே முடிந்துவிட்டது. மெஸ்ஸிக்கு 26 ஆட்டங்களில் 13 கோல்கள், ஒரு கோப்பை, தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது இரண்டு முறை. ரொனால்டோ 5 உலகக் கோப்பைகளிலும் கோல் அடித்திருக்கிறார், அது பெரிய விஷயம்தான். ஆனால் மொத்தம் 8 கோல்கள், அதில் ஒன்றுகூட நாக்அவுட் சுற்றில் வந்ததில்லை. குழு ஆட்டத்தில் அடிப்பது வேறு, தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய ஆட்டத்தில் அடிப்பது வேறு. 2022இல் மெஸ்ஸி குழுச் சுற்றில் தொடங்கி இறுதி ஆட்டம் வரை ஒவ்வொரு சுற்றிலும் கோல் போட்டார்.

மெஸ்ஸி ரசிகர்களும் ரொம்ப ஆட வேண்டாம். 2022இல் அவர் அடித்த 7 கோல்களில் 4 பெனால்டி. போலந்துக்கு எதிராக ஒரு பெனால்டியை அவர்களின் கோல்கீப்பர் ஷ்செஸ்னி தடுத்தும்விட்டார். 2014இல் அவருக்குக் கொடுத்த தங்கப் பந்து விருது அவருக்கு உரியதே அல்ல. நாக்அவுட்டில் ஒரு கோல்கூட அடிக்காதவருக்கு அதைக் கொடுத்தார்கள். நியாயமாக அது ஜெர்மனியின் கோல்கீப்பர் நோயருக்குப் போயிருக்க வேண்டும்.

ரொனால்டோ விஷயத்தில் என்னால் மன்னிக்கவே முடியாத ஒன்று 2022 உருகுவே ஆட்டத்தில் நடந்தது. புருனோ ஃபெர்னாண்டஸ் இடப்பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போடுகிறார். ரொனால்டோ தாவுகிறார். பந்து அவர் தலையை ஒட்டிப் போய் வலைக்குள் விழுகிறது. தன் தலையில்தான் பட்டது என்று கையை விரித்து ஓடி அதைத் தன் கோலாகக் கொண்டாடினார். பந்துக்குள் இருந்த சென்சார் எந்தத் தொடுதலும் இல்லை என்று காட்டிக்கொடுத்துவிட்டது. கோல் புருனோவின் பெயரிலேயே பதிவானது. இவ்வளவு கோல் அடித்த மனிதருக்கு அடுத்தவர் கோல் எதற்கு? நாக்அவுட்டின் முதல் ஆட்டத்தில் அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு கோன்சாலோ ராமோஸை இறக்கினார்கள். அவர் ஹாட்ரிக் அடித்தார், போர்ச்சுகல் 6-1 என்று சுவிட்சர்லாந்தைப் பிய்த்து எறிந்தது. அந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்த பிறகும் "அவர் இல்லாமல் அணியே இல்லை" என்று சொல்பவர்களிடம் வாதம் செய்து பயனில்லை.

நெய்மர் விழுவது வலியா, நடிப்பா?

இரண்டும்தான். 2014 காலிறுதியில் கொலம்பியாவின் சுனிகா முழங்காலால் முதுகில் இடித்ததில் அவருக்கு முதுகெலும்பே முறிந்தது. அதில் நடிப்பு எதுவும் இல்லை. 2018இல் மெக்சிகோவின் லயுன் கோட்டுக்கு வெளியே அவர் கணுக்காலை மிதித்தது உண்மை. ஆனால் அதற்கு அவர் துடித்த துடிப்பு, கால் துண்டானவன்கூட அப்படித் துடிக்க மாட்டான். கொஞ்ச நேரத்தில் எழுந்து முழு வேகத்தில் ஓடினார். இப்படிச் செய்வதால் அவருக்குத்தான் நஷ்டம்: உண்மையாக அடிபடும்போதும் நடுவர் கண்டுகொள்வதில்லை, பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

திறமையில் குறை சொல்ல முடியாது. 2022 காலிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக, கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் தருவாயில், இரண்டு முறை பந்தைக் கொடுத்து வாங்கி, கோல்கீப்பரையும் தாண்டிப் போய் ஒரு கோல் போட்டார் பாருங்கள், அது போதும். அதன் பிறகு 117ஆவது நிமிடத்தில் பெட்கோவிச் சமன் செய்தார், பெனால்டியில் பிரேசில் வெளியேறியது. முதல் உதையை 21 வயது ரோட்ரிகோவிடம் கொடுத்துவிட்டு, ஐந்தாவதுக்காக நெய்மரை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஐந்தாவது வரவே இல்லை. அணியின் சிறந்த பெனால்டி வீரரை ஒரு பந்துகூட உதைக்க விடாமல் வீட்டுக்கு அனுப்பிய அந்த முடிவு மட்டமான முடிவு.

நடிப்பு என்றதும் எல்லோரும் நெய்மரையே பிடித்துக்கொள்வது நியாயமில்லை. 2002இல் துருக்கி வீரர் உதைத்த பந்து ரிவால்டோவின் காலில் பட்டது, அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தார். துருக்கி வீரருக்குச் சிவப்பு அட்டை. ரிவால்டோவுக்கு வெறும் அபராதம், கையில் கோப்பை.

சுவாரஸ் கானாவை ஏமாற்றினாரா?

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: 2010 காலிறுதி, ஜோகன்னஸ்பர்க். கானா 1, உருகுவே 1. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். கோல் கோட்டில் நின்ற சுவாரஸ் முதலில் ஒரு பந்தைக் காலால் தடுக்கிறார். அது மேலெழும்பி வர, கானாவின் அடியா தலையால் முட்டுகிறார். அந்தப் பந்து நேராக வலைக்குள் போகிறது, சுவாரஸ் இரண்டு கையாலும் தள்ளிவிடுகிறார். சிவப்பு அட்டை, பெனால்டி. கானாவின் அசமோவா ஜியான் உதைத்தது மேல்கம்பத்தில் பட்டுப் பறந்தது. அழுதுகொண்டே வெளியே போன சுவாரஸ் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். பிறகு, சமனில் முடிந்த ஆட்டத்தைப் பெனால்டி உதைகளால் தீர்க்கும் ஷூட்அவுட்டில் உருகுவே 4-2 என்று வென்றது.

விதி என்ன சொல்கிறதோ அந்தத் தண்டனை முழுதாகக் கிடைத்தது. அந்த இடத்தில் நின்றால் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் கையைத் தூக்கியிருப்பார்கள். கோளாறு விதியில் இருக்கிறது. கோலுக்குள் போய்க்கொண்டிருக்கும் பந்தைக் கையால் நிறுத்தினால் கோலே கொடுக்க வேண்டும். ரக்பியில் நிச்சயமாக வர வேண்டிய ட்ரையை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) முறைகேடாகத் தடுத்தால் அந்த ட்ரையையே வழங்கிவிடுகிறார்கள். கால்பந்தில் மட்டும் கோல் போட்டவன் மறுபடியும் போட்டுக் காட்ட வேண்டுமாம். ஆப்பிரிக்காவின் முதல் அரையிறுதி அன்று பறிபோனது, அதற்கு இன்னும் 12 ஆண்டு காத்திருக்க வேண்டி வந்தது.

ஜியானைத் திட்டுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஒரு நாட்டின் கனவை மேல்கம்பத்தில் அடித்த சில நிமிடங்களிலேயே, ஷூட்அவுட்டில் கானாவின் முதல் உதையை உதைக்க அவரே முன்வந்தார், அடித்தும் காட்டினார். அந்தத் தொடரில் நான் பார்த்த பெரிய தைரியம் அதுதான்.

2014இல் சுவாரஸ் இத்தாலியின் கியெல்லினியைக் கடித்ததற்கு மட்டும் எந்த வக்காலத்தும் கிடையாது. 9 சர்வதேச ஆட்டங்களும், 4 மாதம் எல்லாவிதக் கால்பந்திலிருந்தும் தடை. அதுவும் குறைவுதான். 2022இல் கணக்கு வேறு விதமாகத் தீர்ந்தது: உருகுவே கானாவை 2-0 என்று வென்றது, ஆனால் அதே நேரத்தில் தென்கொரியா போர்ச்சுகலைக் கடைசி நிமிடத்தில் வீழ்த்தியதால், அடித்த கோல்களின் எண்ணிக்கையில் உருகுவே வெளியேறியது. சுவாரஸ் பெஞ்சில் ஜெர்சியால் முகத்தை மூடி அழுதார். தோற்று வெளியேறிய கானா ரசிகர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

அப்படியானால் மரடோனாவின் கை?

அது திருட்டு. 1986இல் இங்கிலாந்துக்கு எதிராக 51ஆவது நிமிடத்தில் கையால் தட்டிப் போட்ட கோலுக்கு எந்த நியாயமும் கிடையாது. நாலே நிமிடம் கழித்துத் தன் பாதியிலிருந்து கிளம்பி, வந்தவர்களையெல்லாம் கடந்து, கோல்கீப்பர் ஷில்டனையும் ஏமாற்றிப் போட்ட கோல் கால்பந்தின் ஆகச் சிறந்த கோல். இரண்டையும் ஒரே ஆள் ஒரே ஆட்டத்தில் செய்தார். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

பிரேசில் 1, ஜெர்மனி 7. அன்று என்னதான் நடந்தது?

2014 ஜூலை 8, பெலோ ஒரிசோன்ட், அரையிறுதி. "நெய்மர் இல்லாததால் தோற்றார்கள்" என்பது சப்பைக்கட்டு. நெய்மர் இருந்திருந்தால் 7-2 ஆகியிருக்கலாம். உண்மையான ஓட்டை பின்னால் இருந்தது. தடுப்பாட்டத்தின் தூணான கேப்டன் தியாகோ சில்வா, முந்தைய ஆட்டத்தில் கொலம்பியா கோல்கீப்பர் பந்தை உதைக்கப் போகும்போது குறுக்கே புகுந்து தேவையே இல்லாமல் மஞ்சள் அட்டை வாங்கினார். அது இரண்டாவது மஞ்சள் என்பதால் அரையிறுதியில் தடை. அவர் இடத்தில் கேப்டன் பட்டை கட்டிய டேவிட் லூயிஸ், தடுப்பாட்டக்காரர் என்பதையே மறந்து மைதானம் முழுக்கத் திரிந்தார்.

ஆட்டத்துக்கு முன்பே அணி நிலைகுலைந்திருந்தது. தேசிய கீதத்தின்போது நெய்மரின் ஜெர்சியைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். காயம்பட்ட சகவீரரை நினைப்பது சரி, ஆனால் அரையிறுதி ஆடப் போகும் முகங்கள் அல்ல அவை. 11ஆவது நிமிடத்தில் கார்னரில் முல்லரைக் காவல் இல்லாமல் விட்டார்கள், முதல் கோல். 23இல் குளோசே, 24இலும் 26இலும் குரூஸ், 29இல் கெதிரா. குரூஸின் இரண்டாவதை மறுபடி பாருங்கள்: நடுவட்டத்திலிருந்து பந்து வைத்துத் தொடங்கியதும் ஃபெர்னாண்டினோவிடமிருந்து பறிக்கிறார், கெதிராவிடம் கொடுத்து வாங்குகிறார், வலைக்குள் தள்ளுகிறார். ஒரு பிரேசில் வீரர்கூட ஓடிவந்து தடுக்கவில்லை, நின்று பார்க்கிறார்கள். குளோசேயின் கோல் உலகக் கோப்பையில் அவருடைய 16ஆவது. பிரேசிலின் ரொனால்டோவுடைய 15 என்ற சாதனை பிரேசில் மண்ணிலேயே போனது.

எதிரணியைக் கேவலப்படுத்தும்படி ஆடக்கூடாது என்று இடைவேளையில் பேசி வைத்ததாக ஜெர்மனியின் ஹுமெல்ஸ் பின்னாளில் சொன்னார். அப்படியும் ஷூர்லே இரண்டு போட்டார், ஏழாவதுக்கு பிரேசில் ரசிகர்களே கை தட்டினார்கள்.

பெனால்டி ஷூட்அவுட் வெறும் லாட்டரிதானே?

தோற்றவர்கள் சொல்லும் சமாதானம் அது. 2022இல் ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிகே, தன் வீரர்கள் ஆளுக்கு 1,000 பெனால்டியாவது உதைத்துப் பழகி வர வேண்டும் என்று சொல்லியிருந்ததாகச் சொன்னார். மொராக்கோவுக்கு எதிரான ஷூட்அவுட்டில் ஸ்பெயின் ஒன்றுகூடப் போடவில்லை. சராபியா கம்பத்தில் அடித்தார், சோலர், புஸ்கெட்ஸ் இருவரின் உதைகளையும் மொராக்கோ கோல்கீப்பர் பூனூ தடுத்தார். கடைசியில் மாட்ரிட்டில் பிறந்த மொராக்கோ வீரர் ஹக்கிமி, பந்தை நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டு ஸ்பெயினை வெளியே அனுப்பினார். பயிற்சியில் வலை கிழிப்பது வேறு, நடுவட்டத்திலிருந்து தனியாக நடந்து வந்து உதைப்பது வேறு.

கோல்கீப்பரைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கலை. 2014 காலிறுதியில் நெதர்லாந்து பயிற்சியாளர் வான் கால், கூடுதல் நேரம் முடியும் நொடியில் சிலெசனை எடுத்துவிட்டு டிம் குருலை இறக்கினார். குருல் கோஸ்டா ரிகாவின் இரண்டு உதைகளைத் தடுத்தார். அரையிறுதியில் மாற்று வாய்ப்புகள் தீர்ந்துபோய் அதே வேலையைச் செய்ய முடியவில்லை, நெதர்லாந்து தோற்றது.

இத்தாலியின் பாட்ஜியோ பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1994 இறுதியின் ஷூட்அவுட்டில் அவர் கம்பத்துக்கு மேலே அடித்ததால் இத்தாலி தோற்றது என்று இன்றும் எழுதுகிறார்கள். அவருக்கு முன்பே பரேசியும் மசாரோவும் தவறவிட்டிருந்தார்கள். பாட்ஜியோ போட்டிருந்தாலும் பிரேசிலுக்கு ஓர் உதை மிச்சம் இருந்தது. அந்த அணியை நாக்அவுட்டில் 5 கோல்கள் அடித்து இறுதிவரை இழுத்து வந்ததே அவர்தான்.

அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் செய்வது அநாகரிகம் இல்லையா?

ஷூட்அவுட்டில் செய்வது தந்திரம். 2022 இறுதியில் பிரான்சின் சுவாமெனி உதைக்க வரும்போது பந்தை அவர் கையில் கொடுக்காமல் தூர எறிந்தார். போய் எடுத்து வந்து உதைத்தவர் வெளியே அடித்தார். அடுத்த ஆண்டு, உதைப்பவரை நியாயமற்ற முறையில் திசைதிருப்பக் கூடாது என்று விதியில் வெளிப்படையாகவே எழுதிச் சேர்த்தார்கள். அதுவரை இருந்த இடைவெளியை அவர் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருதை வைத்து மேடையில் செய்த சைகையும், வெற்றி ஊர்வலத்தில் பிரான்சின் எம்பாப்பே முகம் ஒட்டிய பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அசிங்கம். இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு, ஷூட்அவுட்டிலும் தன்னைத் தாண்டி அடித்தவரைக் கேலி செய்ய அவருக்கு என்ன இருக்கிறது? ஆனால் 123ஆவது நிமிடத்தில் கோலோ முவானி தனியாக வந்து அடித்த பந்தை இடது காலை நீட்டித் தடுத்தாரே, அது இல்லாமல் மெஸ்ஸிக்குக் கோப்பை இல்லை.

வீரர்களைக் கலாய்ப்பதற்கு எல்லை உண்டா?

உண்டு. ஆட்டத்தைக் கிழித்துத் தொங்கவிடுங்கள், ஆளின் நிறத்தை, பிறப்பை, குடும்பத்தைத் தொடாதீர்கள். 2021இல் நடந்த ஐரோப்பியக் கோப்பை (யூரோ 2020) இறுதியில் இங்கிலாந்துக்காகப் பெனால்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவர் மீதும் இனவெறி வசவுகள் கொட்டப்பட்டன. சாகாவுக்கு அப்போது 19 வயது. திட்ட வேண்டும் என்றால் பயிற்சியாளர் சவுத்கேட்டைத் திட்டியிருக்கலாம்: இருவரைப் பெனால்டிக்காக மட்டும் கடைசி நிமிடத்தில் இறக்கி, ஐந்தாவது உதையை அந்தச் சின்னப் பையன் தலையில் கட்டியது அவர்தான்.

ஜிடேனின் தலைமுட்டு? சீண்டியவர்மீதும் தவறுதானே?

இத்தாலியின் மட்டராசி பேசியது கேவலமான பேச்சு. அதற்காக 2006 இறுதியின் 110ஆவது நிமிடத்தில் அவர் நெஞ்சில் ஜிடேன் முட்டிவிட்டுத் தன் பிரான்ஸ் அணியைப் பத்துப் பேராக விட்டுப் போனது ஒரு கேப்டன் செய்யும் வேலை இல்லை. அதைவிடப் பெரிய அநியாயம், தொடரின் சிறந்த வீரர் விருதையும் அவருக்கே கொடுத்தது. இத்தாலி அந்தத் தொடர் முழுக்க வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு: ஒன்று தாங்களே போட்டுக்கொண்ட சேம்சைடு கோல், இன்னொன்று இறுதியில் ஜிடேனின் பெனால்டி. அந்தச் சுவரைக் கட்டிய இத்தாலி கேப்டன் கன்னவாரோவுக்கு விருதில் இரண்டாம் இடம்.

சவூதி, ஜப்பான், மொராக்கோ ஜெயித்தால் ஏன் எல்லோரும் அதிர்ஷ்டம் என்கிறார்கள்?

ஆட்டத்தைப் பார்க்காமல் ஸ்கோரை மட்டும் பார்ப்பதால். 2022இல், 36 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அர்ஜென்டினாவை சவூதி அரேபியா 2-1 என்று வென்றபோது, அவர்களின் தடுப்பு வரிசை பயப்படாமல் நடுக்கோடு வரை ஏறி நின்றது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் 3 கோல்கள் ஆஃப்சைடு, அதாவது தடுப்பு வரிசையைத் தாண்டி முன்கூட்டியே நின்றதால் செல்லாமல் போனவை. ஒரு அடி பின்தங்கியிருந்தாலும் நாசம்தான், தெரிந்தே அந்தத் துணிச்சலை எடுத்தார்கள்.

ஜப்பான் ஒரே குழுவில் ஜெர்மனி, ஸ்பெயின் இரண்டையும் பின்தங்கிய நிலையிலிருந்து வந்து 2-1 என்று வீழ்த்தியது. மொராக்கோ அரையிறுதி வரை எதிரணி யாரிடமும் கோல் வாங்கவில்லை, ஒரே ஒரு சேம்சைடு கோல்தான். பெல்ஜியம், ஸ்பெயின், போர்ச்சுகல் மூன்றையும் தாண்டி வந்தவர்களுக்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைப்பது அவமரியாதை.

விஏஆர் (வீடியோ உதவி நடுவர்) ஆட்டத்தைக் கெடுத்துவிட்டதா?

இல்லை. 2010இல் ஜெர்மனிக்கு எதிராக லாம்பார்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்தது. உலகமே பார்த்தது, நடுவர் பார்க்கவில்லை. 2-2 ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் 4-1 என்று முடிந்தது. அடுத்த உலகக் கோப்பையிலேயே கோல்கோட்டுத் தொழில்நுட்பம் வந்தது. 2022இல் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிட்டோமா கடைசிக் கோட்டிலிருந்து மீட்டுக் கொடுத்த பந்தை டனாகா கோலாக்கினார். டிவியில் பக்கவாட்டில் பார்த்தவர்கள் பந்து வெளியே போய்விட்டது என்று சத்தியம் செய்தார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் விளிம்பு கோட்டின்மேல் இருந்தது. முழுப் பந்தும் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. அந்தக் கோல் செல்லாமல் போயிருந்தால் ஜெர்மனி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும், ஜப்பான் ஊர் திரும்பியிருக்கும்.

பெண்கள் உலகக் கோப்பையும் பார்க்கலாமா?

இதைக் கேள்வியாகக் கேட்பதே தப்பு. உலகக் கோப்பைகளில் அதிக கோல் அடித்தது ஆண்களில் யாரும் இல்லை, 17 கோல்கள் அடித்த பிரேசிலின் மார்த்தா. 2023இல் ஸ்வீடனும் அமெரிக்காவும் மோதிய ஷூட்அவுட்டைத் தேடிப் பாருங்கள். கடைசி உதையை ஸ்வீடனின் ஹூர்டிக் அடிக்க, அமெரிக்க கோல்கீப்பர் நேஹர் கையில் பட்டு மேலே எழும்பிய பந்தை அவரே மறுபடி பின்னால் கையை வீசித் தட்டிவிடுகிறார். தடுத்துவிட்டேன் என்று சொல்கிறார். பந்து கோட்டைத் தாண்டியதைக் காட்டும் நடுவரின் கடிகாரம் கோல் என்கிறது. சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நடப்புச் சாம்பியன் வெளியே.

48 அணிகள் அதிகம் இல்லையா?

2026 முதல் 48 அணிகள், 12 குழுக்கள், 104 ஆட்டங்கள். புதிய நாடுகள் வருவது எனக்குச் சந்தோஷம். கவலை வேறு: மூன்றாம் இடம் பிடித்தவர்களில் 8 அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகின்றன. கடைசியாக ஆடும் குழுக்களுக்கு எத்தனை புள்ளி போதும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். 1982இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்ற ஸ்கோர் இருவருக்கும் போதும் என்று தெரிந்து, பத்தாவது நிமிட கோலுக்குப் பிறகு பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கு ஜெர்மனியை வென்றிருந்த அல்ஜீரியா அதனால் வெளியேறியது. குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் அதன் பிறகுதான் வந்தது. அந்தப் பாடத்தைப் பாதியாவது மறந்துவிட்டார்கள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை எடுத்துவிடலாமே?

கூடாது. பயம் இல்லாமல் ஆடும் ஒரே ஆட்டம் அது. 1958இல் பிரான்சின் ஜஸ்ட் ஃபொன்டேன் அந்த ஆட்டத்தில்தான் 4 கோல்கள் அடித்து, ஒரே தொடரில் 13 என்ற சாதனையை முடித்தார். உலகக் கோப்பையின் அதிவேக கோலும் அதில்தான் வந்தது. 2002இல் துருக்கியின் ஹக்கன் சுக்குர், ஆட்டத்தைத் தொடங்கி வைத்த தென்கொரியாவிடமிருந்து பந்தைப் பறித்து 11ஆவது நொடியில் போட்டது. அந்தத் தொடர் முழுக்க அவர் அடித்த ஒரே கோல் அதுதான்.